ஜூன் மாதத்தில் பதினாறு மாடுகள்

2020-ஆம் வருஷம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நாட்களில் எனக்குப் பழக்கமாகிப்போனது ஒரு கோடு. மலை மாதிரி ஏறி இறங்கும் கோடு. இன்ன தேதியில் உச்சி, இன்ன தேதியில் அடிவாரம் என்று தினம் ஒருவர் எழுதினார். ஜோசியருக்காவது கிரகங்கள் உண்டு. இவர்களுக்கு எது ஆதாரம் என்று தேடிக்கொண்டு போனேன். அந்தத் தேடல் என்னை 1866-ஆம் வருஷத்து இங்கிலாந்தில், ஒரு மாட்டுத் தொழுவத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

1865 ஜூனில் லண்டன் பால்மாடுகளுக்கு ஒரு நோய் கண்டது. கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டு மாடுகள் கொண்டுவந்த சீதனம். நம் குடியானவர்கள் வெக்கை என்று சொல்வது இதைத்தான். ஜுரம், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பேதி. பத்து நாளைக்குள் பெரும்பாலும் மாடு விழுந்துவிடும். வைரஸ் என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. அடுத்த பிப்ரவரியில் ராபர்ட் லோ என்பவர் பார்லிமெண்டில் எழுந்து, ஏப்ரல் நடுவுக்குள் இதை அடக்காவிட்டால் கணக்கிலடங்காத நாசத்துக்குத் தயாராகிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார்.

கணக்கிலடங்காத என்ற சொல்தான் வில்லியம் ஃபாருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்து வைத்தியம் படித்தவர். ஜனன மரணப் பதிவு அலுவலகத்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்து, இங்கிலாந்தில் யார் எதனால் செத்தார்கள் என்று எண்ணியவர். (அந்த அலுவலகத்தின் தலைமைப் பதவி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. எண்ணுகிறவர்களின் தலையெழுத்து அப்படி.) 1840-இலேயே பெரியம்மைச் சாவுகளை வரிசைப்படுத்தி, கொள்ளைநோய் ஏறுவதிலும் இறங்குவதிலும் ஓர் ஒழுங்கு இருப்பதாகக் காட்டியவர் அவர்.

இப்போது மாட்டுக் கணக்கை எடுத்தார். நாலு வாரத்துக்கு ஒரு முறை நோய் கண்ட மாடுகள்: 9,597, 18,817, 33,835, 47,191. பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும் எண்கள். ஃபார் பார்த்தது வேறு. முதல் தாவலில் நூற்றுக்கு 96 அதிகம், இரண்டாவதில் 80, மூன்றாவதில் 40. மாடுகள் பெருகிக்கொண்டுதான் போகின்றன. ஆனால் பெருகும் வேகம் மேட்டில் ஏறும் பாரவண்டி போலத் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியையே அளந்து மேலே நீட்டினார். அடுத்த எண் 43,182, பிறகு 21,927, 5,226, 494. ஜூன் நடுவில் முடியும் நாலு வாரத்துக்கு 16. ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்குக் கடிதமும் எழுதிவிட்டார்.

நோய் பிப்ரவரியில் உச்சிக்குப் போயிற்று, பிறகு இறங்கிற்று. லோ பயந்த நாசம் வரவில்லை. ஃபார் ஜெயித்துவிட்டார் என்று இங்கேயே கதையை முடித்துவிடலாம். பலர் முடித்தும் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதே பிப்ரவரி 20-ஆம் தேதி பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. நோய் கண்ட மாட்டை வெட்டிப் புதைக்க வேண்டும். உடையவனுக்கு நஷ்டஈடு உண்டு. அதன்பின் இறங்கிய கோட்டில் ஃபாருடைய இயற்கை விதி எவ்வளவு, கோடரி எவ்வளவு? பிரித்துச் சொல்ல வழியில்லை. வேகம் தளர்ந்தது சட்டத்துக்கு முந்தி. அந்த மட்டில் அவர் கண் கூர்மை. ஆனால் வால் விஷயத்தில் ஏமாந்தார். அவ்வளவு மாடுகளை வெட்டியும், ஜூனில் நோய் கண்டவை அவருடைய பதினாறைப் போல எத்தனையோ மடங்கு. 1867 வரை நோய் இழுத்துக்கொண்டு கிடந்தது. செஷையரில் தொழுவம் காலியாகி நின்ற பால்காரனிடம் உச்சி தாண்டிவிட்டது என்று சொன்னால் அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

இந்தக் கணக்கை 1990-இல் மறுபடியும் போட்டார்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் உச்சியைத் தாண்டிவிட்டது, மொத்தம் சுமார் 2 லட்சம் பேரோடு தொண்ணூறுகளின் நடுவில் ஓய்ந்துவிடும் என்று இருவர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், கொள்ளைநோய்த் துப்பறிவாளர்களுக்கென்று ஒரு படையையே உண்டாக்கிய அலெக்சாண்டர் லாங்முயர். சாமானியர் அல்ல. 1995-இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாட்டுக்கு நோய் சில நாளில் தெரிந்துவிடும். எய்ட்ஸ் கிருமி உடம்பில் வருஷக்கணக்காக ஒளிந்திருக்கும். தளர்ந்தது நோயல்ல, அது கணக்குக்கு வந்து சேரும் வேகம்.

வெக்கைக்கும் ஒரு முடிவு வந்தது. 1994-இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2010-க்குள் ஒழிப்பது என்று கெடு வைத்து, தடுப்பூசியோடு நாடு நாடாகப் புறப்பட்டது. இந்தியாவில் 1995-க்குப் பிறகு நோய் இல்லை. உலகத்திலேயே கடைசியாகக் கண்டது 2001-இல், கென்யாவில், காட்டெருமைகளிடம். அதுதான் கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் தேடிப் பார்த்துவிட்டு, 2011-இல்தான் அறிவித்தார்கள்.