துருவை வென்ற கைகள்: ஹெரால்டு காரும் வீட்டுப் பட்டறையும்

ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறு, பங்குத் தந்தையர் வரிசை, பள்ளி வளர்ந்த கதை ஆகியவை இடம்பெறுவது வழக்கம். நம் பங்கு மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் செய்த உழைப்புக்கும் அதில் ஒரு மூலை உண்டு அல்லவா? பழைய கார் ஒன்றின் உடலைக் குடும்பமாகக் கூடிப் புதுப்பிப்பதைப் பற்றியும், நம் தமிழ் மண்ணிலேயே உருவான அந்தக் காரின் வரலாற்றைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன்.

சென்னையில் பிறந்த கார்

சுதந்திர இந்தியாவில் கார் வாங்க விரும்பியவருக்கு நெடுங்காலம் மூன்று பெயர்களே முக்கியம். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. வண்டலூர்ப் பகுதியிலிருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது.

இதன் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமாயிற்று. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கலோட்டி. அக்காலத்தில் புதிய கார்கள் பலவற்றில் சேசிசும் உடலும் ஒரே கூடாக அமைந்திருந்தன. ஹெரால்டுக்கோ தனிச் சேசிஸ். இதற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குத் தகட்டு உடல் செய்து கொடுத்த பிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தருவார் இல்லை. எனவே உடலைப் பகுதி பகுதியாகப் பல இடங்களில் செய்து, போல்ட்டு போட்டு இணைக்கும்படி திட்டமிட்டார்கள். அன்றைய நெருக்கடியே பின்னாளில் வரமாயிற்று. போல்ட்டு போட்டு இணைத்ததை ஸ்பானர் கொண்டு பிரிக்கலாம். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்புறம் சாய்ந்து திறக்கும். பின் உடலைத் தனியே கழற்றித் தூக்கலாம். வீட்டு முற்றத்தில் புதுப்பிக்க இதைவிட ஏற்ற கார் குறைவு.

நம் நாட்டவர் 1968-ல் இதற்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்கு என்றுமே இரண்டு கதவுகள்தான். அதன் பின் வந்த கெசல் கார் 1977 வரை ஓடியது. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அத்துடன் புதிய உதிரிப் பாகங்களும் நின்றன. அன்று முதல் ஒவ்வொரு ஹெரால்டின் ஆயுளும் அதை வைத்திருப்பவரின் கையில்தான்.

துரு எங்கே பிறக்கிறது?

இரும்போடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் இன்னும் விரைவு. கடற்கரை ஊரார் இதை நன்கு அறிவர். கார்க் கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துவாரங்கள் உண்டு. மண் அடைத்துக் கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். அதன் மேல் பட்டி வைத்துப் பூசி விற்போரும் உண்டு. அப்படிப்பட்ட பளபளப்பு ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

எங்கள் வீட்டுப் பட்டறை

என் தகப்பனாரின் ஹெரால்டு, கிளைக் கிராமங்களுக்கு நோயில் பூசுதல் கொடுக்கச் செல்லும் சுவாமியார்களை எத்தனையோ இரவுகள் ஏற்றிச் சென்ற வண்டி. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தபின், பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை பேசினார். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாளே பிள்ளைகளைக் கூட்டி வேலையைத் தொடங்கினோம்.

முதலில் பேட்டரியையும் பெட்ரோல் டாங்கியையும் அகற்றினோம். தீப்பொறி பறக்கும் இடத்தில் இவை இருக்கலாகாது. உடலைத் தூக்குமுன் கதவு வாசல்களில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்தோம். இல்லாவிட்டால் கூடு தொய்ந்து, பின்னர் கதவு பொருந்தாது. கழற்றிய போல்ட்டுகளை என் மகள் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுச் சீட்டு ஒட்டினாள். சேசிசைச் செம்மைப்படுத்திய பிறகே உடலுக்கு வந்தோம். உளுத்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை ஒட்டினோம். வெல்டிங்கை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் விட்டோம்.

டிங்கர் வேலையில் சுத்தியல் வெளியே தட்ட, டாலிக் கட்டை உள்ளே தாங்கும். அதிகம் தட்டினால் தகடு விரிந்து உப்பும். அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி ஈரத் துணியால் ஒற்றினால் சுருங்கும். தகப்பனாருக்கு அப்போது பார்வை மிக மங்கியிருந்தது. ஆனால் மெல்லிய துணி ஒன்றை விரித்து அதன் மேல் உள்ளங்கையை ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை "இங்கே" என்று காட்டுவார். பேரன் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிடுவான். நல்ல கண்ணுள்ள நாங்கள் தவறவிட்டதை எல்லாம் அந்தக் கை கண்டது. வேலை முடிவதற்குள் பேரனின் கையும் அதைப் பழகிக்கொண்டது.

பட்டியை மிக மெல்லியதாகவே வைத்தோம், கனத்தால் வெடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், பெரியவர்களே முகக்கவசமிட்டு, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். கடைசிப் பெயிண்டைப் பட்டறையில் அடித்தோம். இன்றைய இரட்டைக் கலவைப் பெயிண்டின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். கார் பெயிண்டை நம் பெயிண்டர்கள் "டூக்கோ" என்பது, 1920-களில் அமெரிக்காவின் டூப்பான்ட் கம்பெனி வெளியிட்ட பெயிண்டின் பெயரால் வந்தது. அதுவரை கார் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆனது. டூக்கோ சில மணி நேரத்தில் காய்ந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் காரில் தகப்பனாரை ஞாயிறு பூசைக்கு அழைத்து வந்தோம். பங்குத் தந்தை வண்டியை மந்திரித்தார்.

திருச்சபை காட்டும் பாடம்

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்துப் பட்டறையில் தச்சுத் தொழில் மகனுக்குத் தந்தையின் பக்கத்தில் நின்றே கைவந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2013-ல், வெரோனா மறைமாவட்டக் குருவானவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த 1984-ஆம் ஆண்டு ரெனால்ட் 4 காரை மகிழ்வுடன் ஏற்றார். அது ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி.

அன்பார்ந்த பங்கு மக்களே! பழையது எல்லாம் காக்கத் தக்கது அல்ல. இரும்புக் கடைக்குப் போக வேண்டியதும் உண்டு. ஆனால் முதியவரின் கைத்திறன் அவரோடு மறைந்துவிடுமானால் அதைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை. உங்கள் வீட்டில் கிடப்பது கார் ஆகட்டும், தையல் இயந்திரம் ஆகட்டும், பாட்டனாரின் கடிகாரம் ஆகட்டும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். உழைக்கும் கைகளைப் புனித சூசையப்பர் ஆசீர்வதிப்பாராக!