கல்மரத்துக்குப் பெயர் வைத்த கதை



விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகும் நம்மவர்கள் அப்படியே கல்மரத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். படம் அனுப்பி, "சார், இது என்ன மரம்?" என்று கேட்கிறார்கள். படத்தை வைத்துச் சொல்ல முடியாதுப்பா!

அவை சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள். வேர், கிளை, பட்டை ஒன்றும் கிடையாது. ஆற்று வெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்து மணலில் புதைத்தது. நீரில் கரைந்த சிலிக்கா உள்ளே ஊறிக் கல்லாக்கியது. ஊர்க்காரர்கள் அசுரனின் எலும்பு என்றார்கள். பார்த்தால் எலும்பு மாதிரிதான் இருக்கும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இலை, பூ, காய் இல்லாத மரத்தை எப்படி அடையாளம் காண்பது? நம் காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி தடியின் வெட்டுமுகத்தைத்தானே முதலில் பார்ப்பார்? ஆய்வாளரும் அதையேதான் செய்கிறார். கல்லைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே இரண்டு என அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்படி சுமார் 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார். நீர் ஏறும் குழாய்களின் துளை தெரிந்தால் பூக்கும் மரம். இல்லாவிட்டால் பொதுவாகப் பைன் போன்ற ஊசியிலை வகை. பிறகு பிசின் குழாய்கள், கதிர்கள் என்று ஒவ்வொன்றாக இன்றைய மரங்களோடு ஒப்பிட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

ஒன்பதாம் வகுப்பில் செல் கொள்கைக்கு மனப்பாடம் செய்தீர்களே ஷ்லைடன், அவர் திருவக்கரை மரம் ஒன்றைப் பைன் என்று பொருள்படும் 'பியூஸ்' என்ற பெயரில் சேர்த்தார். 1931-ல் நம் பீர்பால் சாஹ்னி மறுபடி ஆராய்ந்து அதை 'மெசெம்ப்ரியாக்ஸிலான்' என்று மாற்றினார். கிரேக்கத்தில் 'மெசெம்ப்ரியா' தெற்கு, 'ஸைலான்' மரம். வடக்கத்திப் பைன் தெற்கத்தி மரமாகிவிட்டது!

1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கல்மரங்களில் 'ஷோரியாக்ஸிலான்' போன்றவற்றை விவரித்தார். ஷோரியா மரத்தின் பிசின்தான் நாம் தூபத்தில் போடும் குங்கிலியம். இது ஷோரியாவே என்று அந்தப் பெயர் அடித்துச் சொல்லவில்லை, 'ஷோரியா போன்ற மரம்' என்று மட்டும் சொல்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். இதே வகையறாவின் மற்ற மரங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. இன்று அவை செழிப்பது மழைக்காடுகளில். செம்மண் பொட்டலாகக் கிடக்கும் அந்தப் பக்கம் அன்று எவ்வளவு மழை பெய்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஷோகேஸில் வைக்க ஒரு சின்னத் துண்டு எடுத்து வந்தால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். முதலில், அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் இடம், எடுக்கக்கூடாது. அடுத்து, எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அதன் வயதைச் சொல்ல யாராலும் முடியாது. பெயர் தெரிந்தும் பாதிக் கதைதான் மிஞ்சும். அடுத்த முறை போகிறவர்கள் குனிந்து வெட்டுமுகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். வளையம் தெரிகிறதா என்றாவது சேர்ந்து பார்க்கலாம்.