மான் வேட்டையில் தூர வரம்பு



எம்மிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், தேசிய மாணவர் படையில் துப்பாக்கிப் பயிற்சி முடித்துத் திரும்பிய நாளன்று, "ஐயா! ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை ஒரே குண்டில் வீழ்த்த இயலுமா?" என வினவினான். "இயலும், தகுமா என்பதன்றோ வினா?" என்றோம். அவன் விடாது, "ஆயின் எத்தனை கஜம் வரை தகும்?" என்றான். அதற்கு உடனே விடை கூற மாட்டாது நின்றோம். பின்னர்ப் பயின்று அறிந்தவற்றை நம் குலத்து இளைஞர்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் மான் வேட்டையைத் தடுத்துவிட்டது. ஆதலின் இது வேட்டை கற்பிக்கும் கட்டுரையன்று. கைவலி பெருகப் பெருக அதனை ஓர் அளவினுள் நிறுத்த மக்கள் எங்ஙனம் முயன்றனர் என்னும் வரலாறேயாம்.

இவ்வரலாற்றுக்கு ஏற்ற இடம் ஸ்காட்லாந்து மலைநாடு. அங்குச் செம்மானைத் தொடர்ந்து சென்று சுடுதல் நெடுங்கால வழக்கு. வில்லியம் ஸ்குரோப் என்பார் அவ்வேட்டைக்கலையைப் பற்றி 1838இல் ஒரு நூல் இயற்றினார். அந்நாளில் வேடன் காற்றின் போக்கறிந்து, புதரிலும் சேற்றிலும் மார்பால் ஊர்ந்து, மானை அணுகுவான். உள்வரியற்ற பழந்துப்பாக்கியின் ஈயக்குண்டு நூறு கஜத்துக்கு அப்பால் எங்குச் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. காயமுற்று ஓடும் மானைப் பிடிக்க வேட்டை நாய்களை உடன் கொண்டு செல்வர். ஆகவே அன்று தூர வரம்பை விதித்தது வேடனது அறமன்று. அவன் கையிலிருந்த கருவியே.

பின்னர்க் கருவி மாறிற்று. குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டிய துப்பாக்கியே ரைபிள் எனப்படுவது; அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று செல்லுங் குண்டு நேர்வழி பிறழாது. 1849இல் பிரான்சு நாட்டு மினியே என்பார், சுடுங்காலத்து அடிப்புறம் விரிந்து வரிகளைப் பற்றுமாறு குண்டு அமைத்தார். 1884இல் அந்நாட்டு வியேய் என்பார் புகையிலா மருந்தைக் கண்டார். அதனால் குண்டின் வேகம் மிகுந்தது. தூரத்துப் பொருளை அண்மையிற் காட்டுங் கண்ணாடியும் துப்பாக்கியின் மேல் ஏறிற்று. கருவி விதித்திருந்த வரம்பு இங்ஙனம் அகன்றது. ஆனால் மானின் உடல் அகலவில்லை.

இதனைக் கணக்கால் உணர்வோம். மானின் நெஞ்சும் நுரையீரலும் அடங்கிய உயிர்நிலையை ஏறத்தாழ எட்டு அங்குல வட்டமாக வேடர் கொள்வர். நொடிக்கு 2800 அடி வேகத்தில் புறப்படுங் குண்டு 300 கஜம் செல்ல ஏறக்குறைய 0.37 நொடியாகும். அதற்குள், நொடிக்கு மூன்றடி நடக்கும் மான் ஓரடிக்குமேல் பெயர்ந்துவிடும். நூறு கஜத்துக்குக் குறி திருத்திய துப்பாக்கியின் குண்டு 300 கஜத்தில் ஓரடிக்கு மேலும், 500 கஜத்தில் நான்கடிக்கு மேலும் தாழும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசுங் காற்று அதனை 300 கஜத்தில் அரையடிக்கு மேலும், 500 கஜத்தில் ஒன்றரையடிக்கு மேலும் ஒதுக்கும். தூரத்தைச் சற்றே தவறக் கணித்தாலும், மானுக்கருகே வீசுங் காற்றை அறியாதொழிந்தாலும், குண்டு வட்டத்துக்குப் புறம்பே படும்.

புறம்பே படுதல் என்றால் யாது? முற்றுந் தவறின் மான் பிழைத்தோடும். வயிற்றிற் படின் புதரிற் கிடந்து பல நாழிகை துடித்து மாளும். தாடையிற் படின் மேய மாட்டாது பட்டினியால் மடியும். சுட்டவன் தன் குறி அரையடி தப்பியது என்பான். அவ்வரையடிக்குரிய துன்பம் முழுவதும் மானுக்கே உரியது.

இத்துன்பத்தைக் குறைக்கச் சட்டங்கள் எழுந்தன. நம் நீலகிரியிலும் 1877இல் வேட்டைச் சங்கமொன்று தோன்ற, 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் பிறந்தது. ஸ்காட்லாந்தில் 1985ஆம் ஆண்டு ஆணை, செம்மான் முதலிய பெரிய மான்களைச் சுடுங் குண்டு குழல்வாயில் நொடிக்கு 2450 அடி வேகமும் 1750 அடிப்பவுண்டு ஆற்றலும் உடையதாக வேண்டும் என விதித்தது. ஜெர்மானியரின் 1952ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், நூறு மீட்டர்த் தொலைவில் குண்டுக்கு எஞ்சும் ஆற்றலை அளவாகக் கொண்டது. சிறிய ரோ மானுக்கு 1000 ஜூல், ஏனைய குளம்புடைய வேட்டை விலங்குகட்கு 2000 ஜூல். இவையெல்லாம் கருவியை அளந்தன. இத்தனை கஜத்துக்கு மேற் சுடற்க என்னும் விதி இவற்றில் இல்லை. ஏன்? ஒருவனுக்குத் தகுந் தூரம் மற்றொருவனுக்குத் தகாது. ஒரே ஆளுக்கும் நின்றபோது தகுவது வேறு, படுத்தபோது தகுவது வேறு.

பிரிட்டனில் மான் வேட்டைச் சான்றிதழ் பெற விரும்புவோர்க்கு நடத்துந் தேர்வு இதனை நன்கு விளக்கும். படுத்துச் சுடுதற்கு 100 மீட்டர். அமர்ந்தோ மண்டியிட்டோ சுடுதற்கு 70 மீட்டர். நின்று சுடுதற்கு 40 மீட்டர். துப்பாக்கி ஒன்றே, உடலின் நிலை மாறத் தூரம் மாறுகின்றது. இனி, மலையேறி மூச்சிரைத்தவன் கையும், மானைக் கண்டு படபடக்கும் நெஞ்சும் பயிற்சிக்களத்தில் இருந்தவாறு இரா. இப்படபடப்பை ஜெர்மானியர் வேட்டைக் காய்ச்சல் என்றே அழைப்பர்.

எனவே நல்வேடர் கண்ட விதி இது: வேட்டைக்களத்தில் எந்நிலையிற் சுடுவோமோ அந்நிலையில், எத்தூரம் வரை ஒவ்வொரு குண்டும் அவ்வெட்டு அங்குல வட்டத்துள் தவறாது படுகின்றதோ, அத்தூரமே அவனது எல்லை. பத்தில் எட்டு பட்டது என்பது போதாது. எஞ்சிய இரண்டும் இரண்டு மான்களின் வேதனையாம். காற்று மிகுந்த நாளிலும் ஒளி மங்கிய வேளையிலும் அவ்வெல்லை இன்னும் குறுகும். சுட்டபின் மான் நின்ற இடத்துக்குச் சென்று, குருதித்தடம் தேடி, காயமுற்றதை விரைந்து முடித்தலும் அவன் கடன். இதன் பொருட்டே ஜெர்மானியர் தடமறியும் நாய்களைப் பழக்குவர். அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் 1887இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் சங்கம் நேரிய வேட்டை என்னும் கொள்கையைப் பரப்பியது. எவ்வளவு தூரம் சுட வல்லேம் எனச் சோதிக்க விலங்கைக் குறியாக்குதல் அக்கொள்கைக்கு மாறு என்பது அச்சங்கத்தார் கருத்து.

நம் முன்னோர் அறிந்த கதையொன்றும் உண்டு. தசரதன் ஒலி கேட்ட திசையில் அம்பெய்ய வல்லவன். இருளில் நீர் முகக்கும் ஓசையை யானையின் ஓசையென எண்ணி எய்தான். மாண்டவன் முனிவன் மைந்தன். அவன் வில் பிழைக்கவில்லை, கை பிழைக்கவில்லை. அறியாததை அறிந்ததாகக் கொண்ட துணிவே பிழைத்தது. புத்திர சோகத்தால் அவனும் மாண்டான்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "எத்தனை கஜம் என்று கேட்டனை. நீ உறுதியாக அறிந்த தூரத்தினின்று ஒரு கஜமும் மேற்செல்லாதே, அதுவே விடை" என்றோம். அவன் சற்றே நினைந்து, "அப்படியாயின் எனக்கு இருபத்தைந்து கஜந்தான், ஐயா" என்றான். தன் அளவைத் தானே அறிந்து, பிறர் கேளாமலே மொழிந்த அம்மாணவனைப் போல் நம் குலத்து இளைஞர் யாவரும் விளங்குவாராக.