ஒற்றைக் கை நீதிபதி: டைர் தெய்வமும் அவர் திருச்சபையும்

1883-இல் வட இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டைக்கு அருகே ரோமானியர் காலத்துப் பலிபீடக் கற்கள் கிடைத்தன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் படையில் சேவகம் செய்த ஜெர்மானிய வீரர்கள் ‘மார்ஸ் திங்ஸஸ்’ என்ற தெய்வத்துக்கு நேர்ந்து வைத்த கற்கள் அவை. ‘திங்’ என்பது ஜெர்மானியக் குலங்கள் கூடி வழக்குத் தீர்த்துக்கொண்ட ஊர்ச் சபையின் பெயர். போர்த் தெய்வமான மார்ஸ் அந்தச் சபைக்கும் காவலாக வணங்கப்பட்டிருக்கிறார். வட ஐரோப்பியர் பின்னாளில் டைர் என்று அழைத்த ஒற்றைக் கைத் தெய்வமே அவர் என்று அறிஞர்கள் பலர் கருதினார்கள்.

அதே டைர் இன்று பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளிலும் கணினி விளையாட்டுகளிலும் நீதிக் கடவுளாக வாழ்கிறார். கோயில், குருமார், நோன்பு நாள், வீரர் சங்கம் எல்லாம் கொண்ட பெரிய திருச்சபை ஒன்றும் அவருக்கு இருக்கிறது. சுமார் நாற்பது ஆண்டுகளில் பல எழுத்தாளர்கள் சேர்ந்து கட்டியது அந்தச் சபை. அதன் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது: டைரை வலிமையாக்க முயன்றவர்களைவிட, அவரும் அவர் சபையும் தவறக்கூடியவர்கள் என்று காட்டியவர்களே அவருக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

மூலக் கதையே ஒரு பொய் வாக்கைப் பற்றியதுதான். ஐஸ்லாந்தின் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய எட்டா நூலில் அது விரிவாக வருகிறது. ஃபென்ரிர் என்ற ஓநாய் வளர வளரத் தேவர்களுக்கு அச்சம். அதைப் பூட்டிய இரண்டு விலங்குகளையும் அது அறுத்தெறிந்துவிட்டது. மூன்றாவதாகக் குள்ளர்களைக் கொண்டு பட்டு நூல் போன்ற ஒரு கட்டுக்கயிற்றைச் செய்விக்கிறார்கள். பூனை நடக்கும் ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர் என்று உலகில் கிடைக்காத பொருள்களால் ஆனது அது. ‘கட்டிப் பார்க்கிறோம், முடியாவிட்டால் அவிழ்த்துவிடுகிறோம்’ என்ற தேவர்களின் பேச்சை ஓநாய் நம்பவில்லை. ஒருவர் தன் வாய்க்குள் கையை வைத்தால் மட்டுமே சம்மதிப்பேன் என்கிறது. டைர் முன்வருகிறார். கயிறு அறுபடவில்லை, தேவர்கள் அவிழ்த்துவிடவும் இல்லை. வலது கை போய்விட்டது.

இதில் நீதி எங்கே இருக்கிறது? ஸ்னோர்ரியிடம் கேட்டால் விடை கிடைக்காது. மனிதர்களுக்குள் சமரசம் செய்து வைப்பவர் என்று டைரைச் சொல்ல முடியாது என்றே அவர் எழுதுகிறார். பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்றில் சூழ்ச்சிக்காரன் லோகியும் இதே குறையைச் சொல்லித்தான் டைரை ஏளனம் செய்கிறான். வழக்குகளைத் தீர்த்து எல்லோரையும் சமாதானமாக அனுப்பும் பொறுப்பு அந்தத் தெய்வக் கூட்டத்தில் ஃபோர்செட்டி என்ற வேறொரு தெய்வத்துக்கு உரியது.

டைரை நீதியோடு பிணைத்ததில் ஹவுஸ்ஸ்டெட்ஸ் கற்களுக்கும் இருபதாம் நூற்றாண்டு ஆய்வுக்கும் பெரும் பங்கு உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமெசில் 1940-இல் வெளியிட்ட ‘மித்ரா–வருணா’ நூலில், இந்தோ-ஐரோப்பிய மக்களின் தெய்வங்களில் அரசாட்சிக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று வாதிட்டார். ஒன்று மாயமும் அச்சமும் நிறைந்தது, மற்றொன்று ஒப்பந்தமும் சட்டமும் சார்ந்தது. வேதத்தில் வருணனும் மித்ரனும் போல, வடக்கே ஒற்றைக் கண் ஓடினும் ஒற்றைக் கை டைரும். ஓநாயின் வாயில் வைத்த கை துமெசிலுக்கு ஒரு சட்டப் பிணையாகத் தெரிந்தது. பொய் ஒப்பந்தத்துக்குப் பிணை நின்றவர் அதன் விலையைத் தம் உடலால் கொடுத்தார். துமெசிலின் கொள்கை முழுவதையும் இன்றைய ஆய்வுலகம் ஏற்பதில்லை. ஆனால் இந்த ஒரு வாசிப்பில் ஆழம் இருக்கிறது. பின்னாளில் விளையாட்டுலகில் டைருக்கு நேர்ந்தவற்றை அதைவிட நன்றாக விளக்கும் சாவி வேறில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் பூசாரிப் பாத்திரம் முதல் பதிப்பிலேயே உண்டு, ஆனால் அவர் எந்தக் கடவுளின் பூசாரி என்ற கேள்விக்கு விடை இல்லை. அறத்துக்குக் கட்டுப்பட்ட பாலடின் வீரன் 1975-இல் வந்தான். அந்த வீரனுக்கும், ‘ஒழுங்கு’ எதிர் ‘குழப்பம்’ என்ற பாகுபாட்டுக்கும் போல் ஆண்டர்சனின் நாவல் முன்மாதிரி. 1976-இல் ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் உலகப் புராணங்களைத் திரட்டி ஒரு துணை நூல் கொண்டுவந்தார்கள். 1980-இல் அது ‘டீயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்று விரிவாக வந்தபோது, நார்ஸ் தெய்வங்களின் வரிசையில் டைருக்கும் உயிர்ப் புள்ளிகளும் கவச எண்ணும் கிடைத்தன. ஆடுபவர்கள் எதிர்த்துச் சண்டை போடக்கூடிய ஒரு பாத்திரம், அவ்வளவே. அவரை வணங்கும் ஊரோ கோயிலோ எங்கும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கனடாவில் நூலகராகப் பணியாற்றிய எட் கிரீன்வுட். சிறு வயதிலிருந்தே ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற தனி உலகைக் கற்பனையில் கட்டிவந்தவர் அவர். அந்த உலகின் தெய்வங்களை 1981 அக்டோபர் ‘டிராகன்’ இதழில் ஒரு கட்டுரையாக அறிமுகப்படுத்தினார். சில தெய்வங்களைத் தாமே படைத்தார், சிலரை 1980 நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். அப்படி வந்தவர் டைர். ‘சமக் கையர்’ என்று அவருக்குப் பட்டம். ஒரே கை உள்ளவருக்குச் சமன் காக்கும் கை என்று பெயர் வைத்ததில் ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது: இழந்தவருக்கே சமன் தெரியும். 1987-இல் ஜெஃப் கிரப்புடன் சேர்ந்து கிரீன்வுட் அந்த உலகை நூல் தொகுப்பாக வெளியிட்டார்.

வேறு உலகத்துத் தெய்வம் இங்கே வந்த காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் கதையாக நிரப்பினார்கள். டைர் 200 வானவீரர்களோடு ஒரு வாயில் வழியாக வந்து, அழிந்த பேரரசொன்றின் நிலத்தில் அராஜகத்தின் சிறு தெய்வத்தைக் கொன்று ஒழுங்கை நிறுவினார் என்று தலபுராணம் எழுந்தது. ஃபென்ரிரின் இடத்தில் கெசெஃப் என்ற குழப்ப நாய் அமர்ந்தது. டைர் கண்பார்வையையும் இழந்தவரானார். போர்ச் சம்மட்டியின் மேல் நிற்கும் தராசு அவர் சின்னமாயிற்று. துன்பத்தைத் தாங்கும் இல்மாட்டரும் கடமையின் தெய்வமான டோர்மும் அவரோடு சேர்ந்து மும்மூர்த்திகளானார்கள்.

திருச்சபை முழு உருவம் பெற்றது 1996-இல், ஜூலியா மார்ட்டின் எரிக் பாய்டுடன் எழுதிய ‘ஃபெய்த்ஸ் அண்ட் அவதார்ஸ்’ நூலில். கற்பனைச் சமயத்தைப் பற்றி இவ்வளவு பொறுமையாக எழுதப்பட்ட நூல்கள் அரிது. ஒவ்வொரு மாதமும் மூன்று சடங்கு நாள்கள்: 1-ஆம் தேதி நீதியைக் காணும் நாள், 13-ஆம் தேதி கை இழந்ததன் நினைவு நாள், 22-ஆம் தேதி பார்வை இழந்ததன் நினைவு நாள். கடைசி நாளில் குருமார் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். சபையின் நாட்காட்டியே தெய்வத்தின் காயங்களைச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது.

குருமாரின் வேலையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. சட்டம் இல்லாத காட்டுப் பகுதிகளில் அவர்களே நீதிபதி, அவர்களே தண்டனை நிறைவேற்றுபவர். நகரங்களில் அவர்கள் வழக்கறிஞர்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்காக மன்றத்தில் பேசுகிறவர்கள். அநீதியானது என்று நிறுவப்பட்ட சட்டத்தை அவர்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது. வீரர் சங்கங்களிலும் இரு போக்குகள் இருந்தன. புனிதத் தீர்ப்பின் வீரர்கள் சட்டத்தை அழுத்திப் பிடித்தார்கள், இரக்க வாளின் வீரர்கள் நன்மையின் பக்கம் சாய்ந்தார்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது சபைக் கோட்பாட்டில் உள்ள ஒரு விதி. டைரின் அடியார் தம் தீர்ப்புகளையும் செயல்களையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவைக் கொண்டுதான் அவருடைய பிழைகள் திருத்தப்படும். கடவுளின் பெயரால் தீர்ப்புச் சொல்பவனும் பிழை செய்வான் என்பதை வேதத்திலேயே ஒப்புக்கொள்ளும் சபை இது. ஆயுதமும் அற்புதமும் குவிந்து கிடக்கும் விளையாட்டுக் கையேட்டில், மேல்முறையீட்டுக்கு இடம் வைத்த இந்த விதியை எழுதியவர்களின் அக்கறை போற்றத்தக்கது.

மும்மூர்த்திகளில் இன்னொருவரான டோர்மின் கதையும் இதே திசையில் போகிறது. 1989-இல் வந்த அவதார் நாவல் வரிசையில் தெய்வங்கள் பூமிக்குத் துரத்தப்படுகின்றன. டான்ட்ராஸ் நகரில் டோர்மின் குருமார் பிற சமயத்தாரைத் துன்புறுத்துகிறார்கள். பின்னாளில் அதற்குப் பரிகாரமாக டோர்ம் தம் சபைக்குக் கடமை நோன்பை விதித்தார்.

பிழையைத் திருத்த இடம் வைத்த டைர் சபையின் விதி உடையும்போது என்ன நேரும் என்பதை 2002-இல் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ கணினி விளையாட்டு காட்டியது. கொள்ளை நோயில் வாடும் நகரத்தில் அரிபெத் என்ற பெண் டைரின் பாலடின். அவள் மணக்க இருந்த ஃபெந்திக், டைரின் குரு. வேறு சபையின் குருவாக வேடமிட்ட ஒருவனை நம்பி ஏமாந்ததைத் தவிர ஃபெந்திக் செய்த குற்றம் ஏதுமில்லை. ஆனால் நகர மக்கள் பழிவாங்கக் கூச்சலிடுகிறார்கள், ஆட்சியாளர் நாஷர் அவரைத் தூக்கிலிடுகிறார். நீதித் தெய்வத்தின் கோயில் நகரில் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அரிபெத் தன் தெய்வத்தை விட்டு எதிரிப் படைக்குத் தலைவியாகிறாள். 2003-இல் வந்த தொடர்ச்சியில் அவள் ஆன்மாவை நரகத்தின் எட்டாம் அடுக்கில் உறைபனிக்குள் காண்கிறோம். அவளை மீட்பதும் கைவிடுவதும் ஆடுபவரின் பொறுப்பு. டைரைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் இதற்கு ஈடு இல்லை.

அடுத்து வந்த மாற்றம் அவசரத்தில் செய்யப்பட்டது. ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நான்காம் பதிப்புக்காகத் தெய்வக் கூட்டத்தைக் குறைக்க முடிவாகி, 2007-இன் ‘கிராண்ட் ஹிஸ்டரி ஆஃப் தி ரெல்ம்ஸ்’ நூலில் டைரின் முடிவு எழுதப்பட்டது. அதிர்ஷ்டத் தேவி டைமோராவை மணக்கவிருந்த டைர், சூழ்ச்சியால் எழுந்த சந்தேகத்தில் காவல் தெய்வமான ஹெல்மோடு மோதி அவரைக் கொன்றுவிடுகிறார். விரைவில் தாமும் மடிகிறார், அவர் இடம் டோர்முக்குப் போகிறது. விசாரிக்காமல் தண்டித்த நீதிபதி என்ற கரு வலிமையானது. அதற்கு ஒரு முழு நாவல் தேவைப்பட்டது, கிடைத்தவை காலவரிசைக் குறிப்புகள். வாசகர்கள் பலர் கசந்துபோனதில் நியாயம் உண்டு.

2014-இல் ஐந்தாம் பதிப்பின் தெய்வப் பட்டியலில் டைர் திரும்பி வந்தார். லாரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’ 2023-இல் வெளிவந்தபோது, பூசாரியாக ஆட விரும்புவோர் தேர்ந்துகொள்ளும் தெய்வங்களில் அவரும் ஒருவர். அதே விளையாட்டில் ஒரு சுங்கச் சாவடியில் ஆண்டர்ஸ் என்பவன் தலைமையில் டைரின் பாலடின்கள் சிலர் எதிர்ப்படுகிறார்கள். நரகத்திலிருந்து தப்பிவந்த கார்லக்கை அரக்கி என்று சொல்லி, வேட்டையாட உதவி கேட்கிறார்கள். அவர்கள் போலிகள். நரகத்தின் முதல் அடுக்கை ஆளும் சாரியேலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, டைரின் பெயரைக் கவசமாகப் பூண்டிருக்கிறார்கள். ஆடுபவர் அவர்கள் சொல்லை மட்டும் நம்பிக் கார்லக்கைக் கொன்றுவிடவும் வழி இருக்கிறது, அவளிடம் போய் அவள் தரப்பைக் கேட்கவும் வழி இருக்கிறது.