ஒலிவாங்கி யார் கையில்?

நம் சனங்களுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. பேசினால் கேட்க மாட்டோம் என்பதுதான் எப்போதும் இருந்த சட்டம். எங்க கும்மிடிப்பூண்டிப் பக்கத்துல பஞ்சாயத்து ரேடியோ ஊர்ப் பக்கம்தான் இருந்தது. சேரியிலிருந்து போனவங்க தள்ளி நின்னு, காத்து கொண்டு வந்ததக் கேட்டாங்க என்று எங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. வானொலிக்கு உள்ளே இருந்து செய்தி சொன்னவர் யார் என்ற கேள்வி அப்போது யாருக்கும் வரவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அச்சில்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 10 ரூபாய் முதலில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920 ஜனவரி 31இல் பம்பாயில் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அதற்குப் பணம் கொடுத்தது கோலாப்பூர் சாகு மகாராஜா. காசு கொடுத்தும் 'கேசரி' அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது.

இடையில் நடந்ததற்கு ஒரு கணக்கு போதும். 1996 நவம்பரில் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், தில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலில் ஒரு தலித்தைத் தேடினார். கிடைக்கவில்லை. 2006இல் தில்லி ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரை எடுத்துப் பார்த்தார்கள். தலித்தோ ஆதிவாசியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பதவிகளை எண்ணின. 106இல் உயர்சாதியினர். நம்மாள் பூஜ்யம். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இந்தக் கதவுக்குள் போனவர்களில் ஒருவர் மீனா கோட்வால். கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். 2017இல் பிபிசியின் இந்திப் பிரிவில் ஒலிபரப்புச் செய்தியாளராகச் சேர்ந்தார். தன் சாதி தெரிந்த பிறகு தன்னை நடத்தும் விதம் மாறியது என்று பின்னால் அவரே முகநூலில் தொடராக எழுதினார். நிறுவனத்தின் விசாரணை அவரது புகாரை ஏற்கவில்லை. 2019இல் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. இலண்டனில் தலைமையகம் இருந்தாலும் தில்லி அலுவலகத்தில் நாற்காலி போடுவது நம்ம ஊர் ஆள்தானே.

2021இல் அவர் சொந்தமாக ஒரு இணையச் செய்தித் தளமும் யூடியூப் அலைவரிசையும் தொடங்கினார். வைத்த பெயர் 'தி மூக்நாயக்'. அந்த ஆண்டு டிசம்பர் 25இல், 1927இல் மகாட்டில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்த அதே நாளில், அதன் பிரதியை எரித்துக் காணொளி போட்டார். கொலை மிரட்டல்கள் வந்தன.

இதோடு இன்னொரு வெளியேற்றத்தையும் பார்க்கணும். என்டிடிவி இந்தியாவின் ரவீஷ் குமார், அதானி குழுமம் உள்ளே வந்ததும், 2022 நவம்பரில் விலகி யூடியூபுக்கு வந்தார். இலட்சக்கணக்கானோர் பின்னாலேயே வந்தார்கள். அவர் துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தொலைக்காட்சி பல ஆண்டுகள் கொடுத்த முகம் அவரிடம் இருந்தது. மீனாவுக்கு அது கொடுக்கப்படவே இல்லை. இரண்டையும் ஒரே கதையாக, 'ஊடகர்கள் பாட்காஸ்டுக்கு மாறுகிறார்கள்' என்று சொல்வது சாதியைத் துடைத்துவிட்டுச் சொல்லும் கதை.

பாட்காஸ்ட் என்பது பெரிய வித்தை இல்லை. நெனச்ச நேரத்துல செல்போன்ல கேக்கற பேச்சு. ஆனால் இந்த நாட்டில் அதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை. சமுதாய வானொலிக்கும் இல்லை. காற்றில் செய்தி அரசாங்கத்தின் சொத்து. காமிராவோ நிலையமோ இல்லாதவன் குரலில் செய்தி சொல்ல இணையம் ஒன்றுதான் வழி. நீலகிரியிலிருந்து வந்த ரவிச்சந்திரன் பத்ரன் 2010களின் தொடக்கத்திலேயே 'தலித் கேமரா'வில் இதைச் செய்து காட்டிவிட்டார்.

எங்க வட்டத்துக்கு இது ஏன் வேணும்? ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் அம்மாவை 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி எடுக்கப் போன நிருபரையும் தடுத்தார்கள். செய்தி வெளியே வந்ததால்தான் 20ஆம் தேதி கலெக்டரே வந்து அவரைக் கொடி ஏற்ற வைத்தார். கொடிக்கு ஒரு நாள் நிருபர் வந்தார். தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்காக மேய்ச்சல் காடு போனபோது, பெரும்பாலும் தலித்துகளான அந்த ஊர் சனங்கள் வருசக்கணக்காகப் போராடினார்கள். அங்கே வந்த மிச்சலின் டயர் தொழிற்சாலை குறித்து 2012இல் பிரான்சு வரை புகார் போனது. ஆடு மாடு எங்கே மேய்ந்தது, விறகு எங்கே கிடைத்தது என்று அந்தப் பொம்பளைங்க தங்கள் குரலில் சொல்ல எந்த அலைவரிசை ஒரு மணி நேரம் ஒதுக்கும்?

இப்ப சிப்காட்டுல காண்ட்ராக்ட் வேலை பாக்கற எங்க பிள்ளைங்க ரெண்டு பேர், நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து செல்போன்ல பதிவு பண்றாங்க. பின்னால ஃபேன் சத்தம் கேக்கும். கம்பெனி பேரும் சொல்றதில்ல, தங்க பேரும் சொல்றதில்ல. தெரிஞ்சா மறுநாள் கேட்டுல நிறுத்திடுவாங்க. 1907இல் பண்டிதர் பெயர் போட்டு எழுதினார். இவங்களால அது முடியல. ஆனாலும் வாரம் ஒண்ணு வருது, கேக்கறவங்க பெரும்பாலும் அதே பஸ்ல போறவங்க.