அவுரியும் நிலக்கரித் தாரும்

ஒரே தேவையை வேறொரு மூலப்பொருளிலிருந்து பிறந்து நிறைவேற்றும் சரக்கே வணிக உத்தியில் மாற்றுப்பொருள் எனப்படுகிறது. போட்டியாளரைத் தம் தொழிலுக்குள்ளேயே தேடுவோர் கண்ணுக்கு அது எளிதில் படுவதில்லை. பீகாரில் அவுரி பயிரிடுவித்து நீலச் சாயம் எடுத்த ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை: 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானியர்கள் அலிசரின் என்ற செஞ்சாயத்தை ஆய்வகத்தில் ஆக்கிய சில பத்தாண்டுகளுக்குள், அச்சாயத்துக்காகவே செடி வளர்த்த பிரெஞ்சு வேளாண்மை அழிந்துபோயிருந்தது. ஆயினும், 1880-ஆம் ஆண்டளவில் வேதியியலர் அடால்ஃப் வான் பேயர் நீலத்தைச் செயற்கையாக ஆக்கியபோது, அம்முறை செலவு மிக்கதாக இருந்தமையால், அன்றைய விலையை மட்டும் அளந்த தோட்டக்காரர்கள் அது குறையக்கூடிய திசையை அளக்கத் தவறினர்.

நிலக்கரித் தாரில் கிடைக்கும் நாப்தலீனிலிருந்து தொடங்கும் முறையைச் செப்பனிட்டு, பி.ஏ.எஸ்.எஃப். என்னும் ஜெர்மன் நிறுவனம் 1897-இல் சந்தைக்கு வந்தது. வெப்பமானி உடைந்து சிந்திய பாதரசமே வினையூக்கியாக, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளாக, உதவியது என்பது அதன் வரலாற்றில் கூறப்படும் ஒரு தற்செயல். விலையைவிட வலுவான ஆயுதம் தரமே எனலாம். தோட்ட நீலத்தின் வீரியம் பெட்டிக்குப் பெட்டி வேறுபட, செயற்கை நீலம் எப்போதும் ஒரே சீராக இருந்ததால், சாயத் தொட்டியில் அளவு தவறாமல் கலக்க விரும்பிய ஆலைகள் அதையே நாடின.

நட்டத்தின் சுமை தோட்டக்காரர்மீது முழுதாக விழவில்லை. பீகாரின் சம்பாரணில் ஒரு பிகா நிலத்தின் இருபது கட்டாக்களில் மூன்றில் அவுரி பயிரிட வேண்டும் என்னும் தீன்கட்டியா கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கு விலையாக, குத்தகை உயர்வும் ரொக்க இழப்பீடும் குடியானவர்களிடம் வாங்கப்பட்டன. 1914-இல் மூண்ட போர் ஜெர்மன் சாயத்தைத் தடுத்ததால் அவுரி சிறிது காலம் மீண்டது. 1917-இல் காந்தி சம்பாரணில் மேற்கொண்ட விசாரணையைத் தொடர்ந்து, 1918-இன் சட்டம் தீன்கட்டியா முறையை ஒழித்தது.