அங்கி யாருக்காக? எளிமைக்கும் மரபுக்கும் நடுவே கத்தோலிக்கக் குருமார்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது தமிழர் வழக்கு. சமயத் தலைவர்களைப் பொறுத்தவரை, அந்தப் பாதி சில வேளைகளில் முழுதாகவே ஆகிவிடுகிறது.

2013 மார்ச் 13-ஆம் தேதி, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட போப்பாண்டவர் பிரான்சிஸ், வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் மாடத்தில் வெறும் வெள்ளை அங்கியோடு தோன்றினார். அவருக்கு முன்பிருந்தவர்கள் அந்த வேளையில் அணிந்த சிவப்புத் தோளாடை அவர் மீது இல்லை. அவர் பேசத் தொடங்கும் முன்பே "எளிமையானவர்" என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. 12 ஆண்டுகள் கழித்து, 2025 மே 8-ஆம் தேதி, அதே மாடத்தில் போப்பாண்டவர் பதினான்காம் லியோ சிவப்புத் தோளாடையுடன் தோன்றினார். "மரபு திரும்பிவிட்டது" என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். "எளிமை போய்விடுமோ" என்று மற்றொரு சாரார் கவலைப்பட்டனர்.

ஒரு துண்டுத் துணிக்கு இவ்வளவு பொருள் உண்டா? உண்டு என்றுதான் திருச்சபையின் வரலாறு சொல்கிறது. ஆனால் எளிமை ஒரு பக்கம், மரபு மறு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிப்பது அவ்வளவு சுலபமல்ல என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது.

அன்றாட உடையே பூசை உடையானது

தொடக்க நூற்றாண்டுகளில் கிறிஸ்தவக் குருமாருக்கென்று தனி உடை எதுவும் கிடையாது. ரோமாபுரியின் குடிமக்கள் எதை உடுத்தினார்களோ அதையே அவர்களும் உடுத்தினார்கள். இன்று பூசை நேரத்தில் குருவானவர் அணியும் நீண்ட வெள்ளை அங்கி, ரோமர்கள் அணிந்த சாதாரண உள்ளங்கிதான். அதன் மேல் அணியும் அகன்ற பூசை ஆடை, மழைக்கும் குளிருக்கும் ரோமர்கள் போர்த்திக்கொண்ட மேலாடையிலிருந்து வந்தது. உடல் முழுவதையும் மூடியதால் இலத்தீன் மொழியில் அதற்குச் "சிறு வீடு" என்று பெயர் ஏற்பட்டது.

பிறகு ரோமப் பேரரசு சரிந்தது. வடக்கிலிருந்து வந்த மக்களின் குட்டைச் சட்டையும் காற்சட்டையும் நாளடைவில் ஊர் வழக்கமாயின. பொதுமக்கள் மாறினார்கள், குருமார் பழைய நீண்ட அங்கியிலேயே நின்றுவிட்டார்கள். குருமாருக்குத் தனி உடை பிறந்த கதை பெரும்பாலும் இதுதான். அவர்கள் புதிதாக ஒன்றை உடுத்தத் தொடங்கவில்லை. ஊர் கைவிட்டதை அவர்கள் கைவிடவில்லை, அவ்வளவே.

இன்னொரு செய்தியும் வியப்பளிக்கும். கி.பி. 428-இல் போப்பாண்டவர் முதலாம் செலஸ்தீன், இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இருந்த ஆயர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அவர்கள் செய்த தவறு ஆடம்பரமல்ல. துறவிகளைப் போல மேற்போர்வையும் இடைக்கச்சையும் அணிந்து, மக்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. குருமாரை மக்கள் போதனையால் அடையாளம் காண வேண்டும், உடையால் அல்ல. வாழ்க்கை முறையால் அறிய வேண்டும், போர்வையால் அல்ல என்பது அக்கடிதத்தின் சாரம். எளிய துறவிக் கோலமே தன்னைக் காட்டிக்கொள்ளும் வழியாகிவிடலாம் என்ற எச்சரிக்கை அன்றே எழுந்துவிட்டது. துறவியின் வேடத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி வள்ளுவர் "கூடாவொழுக்கம்" என்று ஓர் அதிகாரமே வைத்திருப்பதை அறிந்த தமிழர்களுக்கு இது அந்நியமான கருத்தல்ல.

சிவப்பும் கந்தையும்

இடைக்காலத்தில் நிலைமை தலைகீழானது. திருச்சபையிடம் நிலமும் செல்வமும் சேர்ந்தன. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருமார் சிவப்பு, பச்சைத் துணிகளை உடுத்தக்கூடாது, பூவேலை செய்த கையுறைகளும் கூர்மூக்குக் காலணிகளும் ஆகாது, குதிரையின் கடிவாளத்துக்கும் சேணத்துக்கும் பொன்முலாம் பூசக்கூடாது என்று விதித்தது. ஒரு சங்கம் கூடித் தடை போடுகிறது என்றால், அந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்க வேண்டும்!

அதே காலத்தில்தான் இத்தாலியின் அசிசி நகரில் துணி வணிகர் ஒருவரின் மகன், தந்தை கொடுத்த ஆடைகளை ஆயரின் முன்னிலையிலேயே கழற்றித் திருப்பிக் கொடுத்தார். அவரே புனித பிரான்சிஸ். முரட்டுத் துணி அங்கியும் இடையில் ஒரு கயிறும் அவருடைய சீடர்களின் அடையாளமாயின. இன்றுவரை அவை அச்சபையின் மரபு உடை.

ஆனால் அந்தக் கந்தையும் சண்டைக்குக் காரணமாயிற்று. நூறாண்டு கழித்து, அவருடைய சபையில் ஒரு பிரிவினர் ஒட்டுப்போட்ட குட்டை அங்கிதான் உண்மையான வறுமை என்று பிடிவாதமாக நின்றனர். அங்கியின் நீளத்தையும் தரத்தையும் மேலதிகாரிகளே தீர்மானிப்பார்கள், வறுமையைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்று போப்பாண்டவர் இருபத்திரண்டாம் யோவான் 1317-இல் ஆணையிட்டார். பணிய மறுத்த நான்கு துறவிகள் 1318 மே மாதம் மார்செய் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டனர். துணியைப் பற்றிய வாதம் உயிரையே குடித்த நாள் அது. ஆடம்பரம் மட்டுமல்ல, எளிமையைப் பற்றிய பிடிவாதமும், அதை அடக்க நினைத்த அதிகாரமும் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இது கசப்பான சான்று.

மலாக்காவிலிருந்து மதுரை வரை

ஆசியாவுக்கு வந்த குருமாருக்குக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. எந்த உடை எளிமை என்பதை யார் முடிவு செய்வது?

புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே ஏழ்மைக் கோலத்தில் பணியாற்றியவர். 1549-இல் மலாக்காவிலிருந்து கப்பலேறி ஜப்பான் சென்றார். 1551-இல் அதே ஏழைக் கோலத்துடன் பேரரசரைக் காணத் தலைநகர் கியோட்டோவுக்குப் போனார், அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் யாமகுச்சி நகரின் ஆட்சியாளர் முன் உயர்ந்த உடையில், கடிகாரம் முதலிய பரிசுகளுடனும் அதிகாரக் கடிதங்களுடனும் போனார். அங்கே சமயத்தைப் போதிக்க அனுமதி கிடைத்தது. ஒரு கரையில் இதயங்களைத் திறந்த கந்தை, இன்னொரு கரையில் கதவை மூடியது.

சீனாவில் மத்தேயோ ரிச்சி முதலில் பௌத்தத் துறவியின் உடையில் வாழ்ந்தார். அதிகாரிகளும் படித்தவர்களும் அந்தக் கோலத்தை மதிக்கவில்லை என்பதை உணர்ந்து, 1595 முதல் கன்பூசிய அறிஞரின் பட்டு அங்கிக்கு மாறினார்.

மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி எதிர்த் திசையில் நடந்தார். அங்கே ஐரோப்பியரின் கறுப்பு அங்கி "பறங்கி" என்ற இழிந்த முத்திரையாக இருந்தது. அவர் அதைக் களைந்து காவி உடுத்தி, மரப்பாதுகை அணிந்து, புலால் விலக்கி, "தத்துவ போதகர்" ஆனார். சக குருமார்களே அவர் மீது மேலிடத்தில் புகார் செய்தனர். பூணூல், சந்தனம் முதலியவற்றைப் பற்றிய நீண்ட விசாரணைக்குப் பிறகு 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவற்றுக்கு இடமளித்தார்.

ஆனாலும் இதில் ஒரு நெருடல் உண்டு. அந்தக் காவி, உயர்சாதியினரின் கண்ணுக்காக உடுத்தப்பட்டது. மற்றவர்களிடையே பணியாற்றப் பின்னர் "பண்டார சுவாமிகள்" என்ற தனிக் கோலத்தில் வேறு குருமார் தேவைப்பட்டனர். ஊர் வழக்கத்தை மதித்த உடை, ஊரின் பிரிவினையையும் சேர்த்தே உடுத்திக்கொண்டது.

மகுடம் இறங்கிய நாள்

இருபதாம் நூற்றாண்டில் மாற்றம் வேகம் பிடித்தது. 1952-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், கர்தினால்களுக்குப் பின்னால் தரையில் புரண்டுவந்த நீண்ட பட்டு மேலங்கியின் நீளத்தைக் குறைத்தார். 1964 நவம்பர் 13-ஆம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோது, போப்பாண்டவர் ஆறாம் பவுல் தம் மும்முடி மகுடத்தைக் கழற்றிப் பீடத்தின் மேல் வைத்தார். ஏழைகளுக்கென்று கொடுக்கப்பட்ட அந்த மகுடம் இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள மாதா பேராலயத்தில் இருக்கிறது. அவருக்குப் பின் எந்தப் போப்பாண்டவரும் முடிசூட்டிக்கொள்ளவில்லை.

1965 நவம்பர் 16-ஆம் தேதி சுமார் 40 ஆயர்கள் ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் கூடி, பகட்டான உடைகளையும் பொன், வெள்ளிச் சின்னங்களையும் விட்டுவிடுவதாக உறுதி எடுத்தனர். 1969-இல் வந்த விதிமுறை, கர்தினால்களின் அகன்ற சிவப்புத் தொப்பியை விடைகொடுத்து அனுப்பியது. 1245-இல் தொடங்கிய மரபு அது. சிவப்பு, திருச்சபைக்காக இரத்தம் சிந்தவும் ஆயத்தம் என்பதைக் குறித்தது. ஒரு கர்தினால் இறந்தால் அந்தத் தொப்பியை அவர் கல்லறைக்கு மேலே தொங்கவிடுவார்கள். உலகப் பெருமை நிலையாது என்பதற்கு அடையாளமாக, அது மக்கித் தூளாகும்வரை அங்கேயே தொங்கும்.

இந்த வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆடம்பரம் என்று தள்ளப்படும் மரபுக்குள்ளேயே தாழ்மையின் பாடமும் தைக்கப்பட்டிருந்தது. பழைய உடைகளை விரும்புவோரின் வாதமும் இதுதான்: பூசை உடை குருவை அலங்கரிப்பதற்கல்ல, அவருடைய சொந்த முகத்தை மறைப்பதற்கே, பீடத்தில் நிற்பது தனிமனிதரல்ல, ஒரு பொறுப்பு.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1792-இல் பிரெஞ்சுப் புரட்சியின் சட்டமன்றம் குருமாரின் உடையைத் தடை செய்தது. 1926-இல் மெக்சிகோ, பொது இடத்தில் அதை அணிபவருக்குத் தண்டம் விதித்தது. அந்நாள்களில் அங்கி ஆபத்தை அழைத்துவரும் அடையாளம். மறுபுறம், துருக்கியில் 1934-இல் இத்தகைய சட்டம் வந்தபோது, அங்கே போப்பாண்டவரின் பிரதிநிதியாக இருந்த ஆஞ்செலோ ரொன்கால்லி சலனமின்றிக் கோட்டும் சூட்டும் அணிந்து பணியைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் இருபத்துமூன்றாம் யோவான் என்ற பெயரில் போப்பாண்டவராகி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான்.

இரு முகாம்களுக்கும் அப்பால்

அண்மைக் காலப் போப்பாண்டவர்களையும் முகாம் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. சிவப்புக் காலணி, ரோமம் வைத்த வெல்வெட் தொப்பி என்று மரபின் பக்கம் வைக்கப்பட்ட பதினாறாம் பெனடிக்ட்தான், 2005-இல் தம் சின்னத்திலிருந்து மும்முடி மகுடத்தை எடுத்துவிட்டு ஆயரின் தொப்பியை வைத்தவர். 2022-இல் சிசிலித் தீவின் குருமாரிடம் பாட்டி காலத்து லேஸ் அங்கிகள் இன்னும் எதற்கு என்று கேட்ட பிரான்சிஸும், 2025 ஏப்ரலில் மறையும்வரை மரபான வெள்ளை அங்கியைக் களையவில்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. குருமார் தகுந்த உடை அணிய வேண்டும் என்று சொல்லி, அது எது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கும் உள்ளூர் வழக்கத்துக்கும் விட்டுவிடுகிறது. வெப்ப நாடுகளில் கறுப்பு அங்கிக்குப் பதிலாக வெள்ளை அங்கி வழக்கமானது இத்தகைய நெகிழ்வினால்தான்.

1948 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஒரு கன்னியாஸ்திரி, தம் பழைய சபை உடையைக் களைந்து, நீலக் கரையிட்ட மலிவான வெள்ளைப் பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டார். ஏழைகள் அஞ்சாமல் அருகே வர வேண்டும் என்பதைத் தவிர அன்னை தெரேசாவின் அந்தச் சேலைக்கு வேறு நோக்கமில்லை. இன்று ஆயிரக்கணக்கான சகோதரிகள் அணியும் சீருடை அது. அன்றைய எளிமை இன்றைய மரபாகிவிட்டது.

அந்தச் சேலைக்கும் ஒருநாள் சோதனை வரும். அதைக் கண்டு ஏழை அருகே வருகிறாரா, அல்லது எழுந்து ஒதுங்கி வழிவிடுகிறாரா? துணியின் விலையைவிட இந்தக் கேள்வியே பெரிது. பட்டோ, பருத்தியோ, காவியோ, கந்தையோ, குருவானவர் உடுத்தும் எதுவும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.